சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல வேலை

சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்து விடுகிறோம். கூடத்தில் யாரும் இல்லையென்றால் ஃபேனை நிறுத்தச் சொல்லிக் குழந்தைகளை அதட்டுகிறோம். ஆனால் மூலையில் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் கவனிப்பதில்லை! பையனின் ஆன்லைன் வகுப்பு முடிந்து அரை மணியாகியிருக்கும். அவர் ஆபீஸ் மெயிலைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். பெட்டி பாட்டுக்கு 'உர்'ரென்று ஓடிக் கொண்டேயிருக்கும். அதன் மூளைக்கு உள்ள பலத்தில் துளிகூட உபயோகமாகாமல், கரண்டை மட்டும் குடித்துக் கொண்டிருக்கும்.

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை, புற்றுநோய்க்கும் முதுமையில் வரும் ஞாபக மறதிக்கும் மருந்து தேடும் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்க முடியும் என்றால் நம்புவீர்களா? பணம் அனுப்ப வேண்டாம். வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். ஒரு புரோகிராமைப் போட்டு, அதற்கு நாலு கட்டளை கொடுத்து வைத்தால் போதும். ஆனால் அந்த நாலு கட்டளையைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் பில் வரும்போது வீட்டில் பெரிய ரகளையாகிவிடும்!

அப்பளம் இடுகிற கதைதான்

பம்பாயில் 1959-ம் வருஷம் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்களே, லிஜ்ஜத் அப்பளம், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே நடக்கும் முறையைச் சற்று யோசித்துப் பாருங்கள். மாவை ஓரிடத்தில் பிசைகிறார்கள். ஒவ்வொரு சகோதரியும் தன் பங்கு மாவை வீட்டுக்கு எடுத்துப் போய், தன் சௌகரியப்படி இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டு வந்து கொடுக்கிறாள். அங்கே எடை பார்த்து, தரம் பார்த்து வாங்கிக் கொள்கிறார்கள். இத்தனை அப்பளத்தையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இடுவதென்றால் எவ்வளவு பெரிய கட்டடம் வேண்டியிருக்கும்!

கம்ப்யூட்டர் விஷயமும் இதே மாதிரிதான். ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. அதை ஒரே கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் பல நூறு வருஷம் பிடிக்கும். அதனால் சர்வகலாசாலைக்காரர்கள் அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்து, இன்டர்நெட் மூலம் வீடு வீடாக அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் தன் உருண்டையை இட்டு முடித்துத் திருப்பி அனுப்புகிறது. உடனே அடுத்த உருண்டை வருகிறது. கெடு நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால், அந்த வேலை வேறு வீட்டுக்குப் போய்விடும். தரப் பரிசோதனையும் உண்டு. பல திட்டங்களில் ஒரே வேலையை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடை ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். 'இந்தக் கம்ப்யூட்டர் நம்பகமானது' என்று பெயர் வாங்கிவிட்டால் தணிக்கை கொஞ்சம் குறையும். ஆக, நம் வீட்டுப் பெட்டிக்கும் நல்ல பெயர், கெட்ட பெயர் எல்லாம் உண்டு!

ஒரே ஒரு வித்தியாசம். அப்பளத்துக்குக் கூலி உண்டு, இதற்குக் கிடையாது. 'பாயின்ட்' என்று மதிப்பெண் போடுவார்கள். அதைக் கொண்டு கால் கிலோ வெண்டைக்காய்கூட வாங்க முடியாது.

இந்த முறையை ஊரறியச் செய்தது 1999-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிஃபோர்னியா சர்வகலாசாலை ஆரம்பித்த 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டம். (செட்டியார் வீட்டுக் கணக்கு இல்லை!) வேற்றுக் கிரகத்திலிருந்து ஏதாவது ரேடியோ சமிக்ஞை வருகிறதா என்று வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தேடின. இருபது வருஷத்துக்கு மேல் தேடியும் யாரும் கூப்பிட்ட பாடாயில்லை. 2020 மார்ச் 31-ந் தேதியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்காகக் கண்டுபிடித்த வழிமுறை பிழைத்துக் கொண்டது. அதே பெர்க்லிக்காரர்கள் எல்லா விஞ்ஞானிகளும் உபயோகிக்கும்படி 'போயிங்க்' என்ற பொதுவான புரோகிராமை எழுதினார்கள். இதற்கிடையில் 2000-ம் வருஷம் அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் 'ஃபோல்டிங் அட் ஹோம்' தனியாகத் தொடங்கியது. வியாதி சம்பந்தப்பட்டது இதுதான். அதனால் நமக்கு இதில்தான் அதிக அக்கறை.

மடிப்பு தப்பினால் வியாதி

புரோட்டீன் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் சத்து என்று மட்டும் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உடம்புக்குள் அது ஒரு வேலையாள். இருபது வகை மணிகளைப் பலவிதமாகக் கோத்த மாலை மாதிரி முதலில் உருவாகிறது. பிறகு தானாகவே மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட உருவத்துக்கு வருகிறது. அந்த உருவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும், பூட்டுக்குச் சாவி மாதிரி. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக் கரு கெட்டியாகிறதே, அது புரோட்டீனின் மடிப்பு சூட்டில் குலைந்து போவதுதான். குலைந்த மடிப்பு திரும்பவும் பழையபடி ஆகாது. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாவதில்லை அல்லவா?

உடம்புக்குள்ளும் சில சமயம் மடிப்பு தப்பிப் போகிறது. தப்பியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகப் படிகின்றன. 'மாமி, நான் சாப்பிட்டேனா?' என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கும் பாட்டிமார்களை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! 'வயசாச்சு, அப்படித்தான்' என்று சொல்லிவிடுகிறோம். எல்லாம் வயசு மட்டும் இல்லை. அல்ஸைமர் நோயில் மூளையில் இந்த மாதிரிப் படிவுகள் சேர்கின்றன. கை நடுக்கம் தரும் பார்க்கின்ஸன் நோயிலும் வேறொரு புரோட்டீன் இப்படிப் படிகிறது.

இந்த மடிப்பு விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரோட்டீன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று சொன்னார். பிறகு 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரோட்டீன் மாலையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் திரும்பவே முடியாது என்று ஒரு படம் போட்டுக் காட்டினார். 'ராமச்சந்திரன் படம்' என்று இன்றும் உலகமெங்கும் அதற்குப் பெயர். உயிரியல் படிக்கும் உங்கள் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவாள்.

சரி, இதற்கு எதற்கு லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்? புரோட்டீன் அசைவதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது சினிமாப் படம் எடுப்பது போல. ஒவ்வொரு அணுவும் அடுத்த நொடி எங்கே நகரும் என்று படம் படமாகப் போட வேண்டும். நொடி என்று சொல்லிவிட்டேன். உண்மையில், ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரத்துக்கு நடக்கும் அசைவைப் பார்க்கவே, சுமார் 50 கோடி படம் போட்டாக வேண்டும்! என்ன, தலை சுற்றுகிறதா? கம்ப்யூட்டருக்கும் சுற்றத்தான் செய்கிறது. அதனால்தான் ஊர் கூடித் தேர் இழுக்கிறார்கள்.

பலன் ஏதாவது உண்டா?

நியாயமான கேள்வி. வீட்டில் மாமியாரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

2020-ல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, ஃபோல்டிங் திட்டத்தில் அதுவரை 30,000 அளவில் இருந்த கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கை சில மாதங்களில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூட்டம் தாங்காமல், கொடுக்க வேலை இல்லாமல் மார்ச் மாதத்தில் திண்டாடினார்களாம். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் நிறைய, பந்தியில் இலை குறைவு என்கிற மாதிரி! அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து விநாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு கணக்குகளுக்கு மேல் போட்டன. அன்றைக்கு உலகத்தில் எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டருக்கும் அந்த வேகம் இல்லை. கிருமியின் மேல் முள் முள்ளாக இருக்கிறதே, அது எப்படி வாயைத் திறந்து நம் உடம்பின் செல்லைப் பற்றுகிறது, அப்போது மருந்து போய் உட்காரக்கூடிய மறைவான பள்ளங்கள் எங்கே தோன்றுகின்றன என்று பார்த்து, 2021-ல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. நியூரோபிளாஸ்டோமா என்று நரம்புத் திசுவில் வரும் ஒரு புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் தாக்குகிறது. 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' என்ற அமைப்பின் மூலம், ஜப்பானில் சீபா புற்றுநோய் நிலையத்து விஞ்ஞானிகள் 2009-லிருந்து முப்பது லட்சம் ரசாயனப் பொருள்களை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சலித்துப் பார்த்தார்கள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான், ஆனால் முப்பது லட்சம்! கடைசியில் ஏழு பொருள்கள் தேறின என்று 2014-ல் அறிவித்தார்கள். சோதனைச்சாலையில் அவை புற்றுச் செல்களை நன்றாகத் தாக்கின. அந்த வேலையின் தொடர்ச்சியாக 2017-ல் வேறு குழந்தைப் புற்றுநோய்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள்.

'அப்போ மருந்து கடைக்கு வந்துடுத்தா?' என்றால், இல்லை. இதை மறைக்கக்கூடாது. கம்ப்யூட்டரில் தேறிய பொருள் சோதனைக் குழாயில் தேற வேண்டும், எலியில் தேற வேண்டும், பிறகு மனிதர்களிடம் பல கட்டம் தாண்ட வேண்டும். முக்கால்வாசி நடுவழியில் நின்றுவிடும். இன்று புரோகிராமைப் போட்டால் நாளைக்குப் பாட்டிக்கு ஞாபகம் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு கேள்வி விவரம் தெரிந்த பிள்ளைகள் கேட்பது. 'அதான் ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, ஏ.ஐ. எல்லா புரோட்டீனுக்கும் உருவம் சொல்லிவிடுகிறதே, இனி இது எதற்கு?' என்பார்கள். 2024-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பாதி அதற்குத்தான் போயிற்று, வாஸ்தவம். (மீதிப் பாதி வாங்கிய டேவிட் பேக்கர், வீட்டுக் கம்ப்யூட்டர்களை நம்பி 2005-ல் 'ரொஸெட்டா அட் ஹோம்' நடத்த ஆரம்பித்தவர் என்பதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்!) ஆனால் ஆல்ஃபாஃபோல்டு முக்கியமாகக் காட்டுவது மடிந்து முடிந்த உருவத்தை, ஒரு ஃபோட்டோ மாதிரி. ஃபோல்டிங் காட்டுவது அது அசைவதை, சினிமா மாதிரி. பரதநாட்டியம் ஆடுகிற பெண்ணின் ஃபோட்டோவைப் பார்த்து அடவு கற்றுக்கொள்ள முடியுமா?

வியாதி சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' என்ற திட்டத்தில் 2010-ம் வருஷம், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஒரு தம்பதியின் வீட்டுக் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் ஒருவருடைய கம்ப்யூட்டரும் ஒரே விடையைச் சொல்லின. விடை என்ன தெரியுமா? விநாடிக்கு 41 தடவை சுற்றும் ஒரு புது நட்சத்திரம்! விஞ்ஞானப் பத்திரிகையில் அவர்களுக்கு நன்றி சொல்லி அச்சிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே நட்சத்திரம் கண்டுபிடிக்கலாம் என்றால் கசக்குமா?

நம் வீட்டில் போடுவது எப்படி?

முதலில் எந்தக் கம்ப்யூட்டர் என்று முடிவு செய்யுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு உட்பட்ட லேப்டாப்போ டெஸ்க்டாப்போ ஆனால் தேவலை. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்காதீர்கள். அது தின்னும் கரண்டுக்கும் செய்யும் வேலைக்கும் கட்டுப்படி ஆகாது. செல்போனிலும் போயிங்க் போடலாம்தான், ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பாட்டரிக்குச் சூடு ஆகாது.

ஃபோல்டிங் வேண்டுமானால் அவர்களுடைய சொந்த இணையதளத்திலிருந்தும், போயிங்க் வேண்டுமானால் பெர்க்லி சர்வகலாசாலை தளத்திலிருந்தும் மட்டும் இறக்குங்கள். இரண்டும் இலவசம். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய லிங்க், 'இதைப் போட்டால் மாசம் இத்தனை ரூபாய் வரும்' என்கிற விளம்பரம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நம் கம்ப்யூட்டரை வைத்துத் திருட்டுத்தனமாக டிஜிட்டல் நாணயம் சுரண்டுகிற கும்பல்கள் இருக்கின்றன. பணம் தருகிறேன் என்று சொன்னாலே அது இந்த வேலை இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஃபோல்டிங் சுலபம். போட்டு முடித்ததும் பிரவுஸரிலேயே ஒரு பக்கம் திறக்கும். பெயர் கொடுக்க விருப்பமில்லையென்றால் பெயரில்லாமலும் செய்யலாம். எந்த வியாதிக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அல்ஸைமர், புற்றுநோய் என்று வரிசையாக இருக்கும். 'எதுவானாலும்' என்று விட்டுவிட்டால் எப்போதும் வேலை கிடைக்கும். அங்கேயே செட்டிங்ஸில் மூன்று இடத்தைப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மட்டும்' என்பதை 'ஆன்' செய்யுங்கள். 'பாட்டரியில் ஓடும்போது' என்பது 'ஆஃப்' ஆகவே இருக்கட்டும். 'தூங்கவிடாமல் விழித்திருக்க வை' என்று ஒன்று இருக்கும். அதையும் 'ஆஃப்' செய்யுங்கள். ஏனென்று கரண்ட் கணக்கில் சொல்கிறேன்.

அடுத்து சி.பி.யு. எத்தனை என்று ஒரு அளவுகோல். கம்ப்யூட்டரின் மூளை இப்போதெல்லாம் ஒன்று இல்லை, நான்கோ எட்டோ இருக்கும். நான்கு பர்னர் அடுப்பு மாதிரி. எல்லாவற்றையும் ஏற்றினால் சமையல் சீக்கிரம் ஆகும், ஆனால் அடுக்களையில் நிற்க முடியாது. பாதியை மட்டும் கொடுங்கள். எட்டு இருந்தால் நான்கு போதும்.

போயிங்கில் கட்டுப்பாடுகள் இன்னும் அதிகம், அதனால் எனக்கு அதுவே பிடிக்கும். முதலில் திட்டத்தைச் சேர்க்க ஒரு ஜன்னல் திறக்கும். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஈ-மெயிலும் புதிதாக ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை தானாக வந்து சேரும். (பாங்கிக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டையே இங்கும் போடாதீர்கள், தாயே!) ஒரு சில திட்டங்களில் சில நாள் வேலை வராமலே இருக்கும். பயப்பட வேண்டாம். இரண்டு திட்டத்தைச் சேர்த்து வைத்தால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று.

பிறகு மேலே 'ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸஸ்' என்று இருக்கும். அங்கேதான் நம் சாமர்த்தியம். பாட்டரியில் நிறுத்து, யாராவது உபயோகிக்கும்போது நிறுத்து என்ற இரண்டு கட்டத்திலும் டிக் போடுங்கள். சாதாரணமாக மவுஸ், கீபோர்டு எதையும் மூன்று நிமிஷம் தொடாவிட்டால்தான் 'யாரும் இல்லை' என்று அது நினைக்கும். ஆன்லைன் வகுப்பில் பையன் மவுஸைத் தொடாமல் வாத்தியாரையே பார்த்துக் கொண்டிருந்தால்? அப்போது உள்ளே கணக்கு ஆரம்பித்து, வாத்தியார் முகம் திக்கித் திக்கி வரும்! அதற்கு வழி இருக்கிறது. 'எக்ஸ்க்ளூஸிவ் அப்ளிகேஷன்ஸ்' என்ற பட்டியலில் வீடியோ வகுப்புக்கான புரோகிராமைச் சேர்த்துவிட்டால், அது திறந்திருக்கும் வரை போயிங்க் வாயைத் திறக்காது.

நேர அட்டவணையும் அங்கேயே. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை வேலை செய்யலாம் என்று தினத்துக்கு ஒன்றாகக்கூடக் கொடுக்கலாம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு என்றால் பத்திலிருந்து பன்னிரண்டுதான், சொன்ன பேச்சு கேட்கும். (வீட்டில் இது ஒன்றாவது கேட்கிறதே!)

எத்தனை நாளுக்கான வேலையைக் கையிருப்பாக வைப்பது என்றும் கேட்கும். அதிகம் போடாதீர்கள். அரை நாளுக்குப் போதும். மாவை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு புளிக்க விட்டால் யாருக்கு லாபம்? டிஸ்க்கில் 10 ஜி.பி. கொடுத்தால் தாராளம். இன்டர்நெட் அளவு பார்த்துப் போடுகிற வீடானால், இத்தனை நாளைக்கு இத்தனை எம்.பி.க்கு மேல் கூடாது என்று அங்கேயே உச்சவரம்பு வைக்கலாம்.

கரண்ட் போனால் செய்த வேலையெல்லாம் வீணா என்று கேட்கலாம். இல்லை. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் எத்தனை வரிசை ஆயிற்று என்று அவ்வப்போது குறித்து வைப்பதுபோல், புரோகிராமும் இடையிடையே தன் கணக்கைக் குறித்து வைக்கிறது. கரண்ட் வந்ததும் கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து ஆரம்பிக்கும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது! பாட்டரியில் ஓடினால் நிறுத்து என்று நாம் சொல்லியிருந்தாலும், பிளக்கில் மின்சாரம் வந்து கொண்டிருப்பதால் அது மும்முரமாகக் கணக்குப் போட்டு இன்வெர்ட்டரைக் காலி பண்ணிவிடும். ராத்திரி குழந்தைக்கு ஃபேன் இல்லாமல் போகும். ஆகவே லேப்டாப் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் செருகுங்கள். கரண்ட் போனதும் லேப்டாப் தன் சொந்த பாட்டரிக்கு மாறும், கணக்கும் நின்றுவிடும்.

கரண்ட் பில் கணக்கு

'ஓசியில் தர்மம்' என்று சிலர் எழுதுவது சரியில்லை. சும்மா இருக்கும் கம்ப்யூட்டரும் வேலை செய்யும் கம்ப்யூட்டரும் ஒரே அளவு கரண்ட் இழுப்பதில்லை. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது நமக்குத் தெரியும். சாதாரண லேப்டாப் சும்மா திறந்திருந்தால் 15 வாட், மும்முரமாக இருந்தால் 45 வாட் என்று வைத்துக் கொள்வோம். அதிகப்படி 30 வாட். தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். டெஸ்க்டாப் என்றால் அதிகப்படி 70 வாட் போடலாம், அதற்கு 17 யூனிட். இது தாங்கும்.

ஆனால் இதற்காகவே டெஸ்க்டாப்பை ராப்பகலாக ஓடவிட்டால்? 130 வாட் வீதம் இரண்டு மாதத்துக்கு 187 யூனிட்! பையன் விளையாட்டுக்கென்று பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தால், 300 வாட் வைத்தால்கூட 432 யூனிட். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற ஊர் நம் ஊர். அதோடு அந்தக் கரண்ட் முழுவதும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். அந்த அறையில் ஏ.ஸி. ஓடினால் அந்தச் சூட்டை வெளியேற்ற அது தனியாகக் கரண்ட் தின்னும்.

என் அபிப்பிராயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். எப்படியும் திறந்து வைத்திருக்கிற நேரத்தில் மட்டும் ஓடட்டும். தூங்கும் நேரத்தில் கம்ப்யூட்டரும் தூங்கட்டும். ('விழித்திருக்க வை' என்பதை ஆஃப் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.) இதற்கென்று மாதம் ஆயிரக்கணக்கில் மின்சார வாரியத்துக்குக் கட்டுவதைவிட, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பணத்தை அனுப்பலாம். அங்கே ஏழை நோயாளிக்கு நேராகப் போய்ச் சேரும். கொஞ்சமாகக் கொடுக்க முடிந்ததைக் கொடுப்பதற்குத்தான் இந்தப் புரோகிராம்.

சூடும் தூசியும்

கணக்குப் போடும்போது மின்விசிறிச் சத்தம் கூடும். அது சகஜம். ஆனால் கம்ப்யூட்டருக்கு எம்பிராய்டரி போட்ட உறை மாட்டி வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதை எடுத்து விடுங்கள். அழகாகத்தான் இருக்கும், மூச்சுதான் விட முடியாது. லேப்டாப்பை மெத்தை, தலையணைமேல் வைத்து ஓடவிடவே கூடாது. கீழே காற்றுத் துளைகள் அடைபட்டுப் போகும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்துத் தூசி எடுத்தால் நல்லது. சித்திரை, வைகாசி கத்திரி வெயிலில் சி.பி.யு. அளவைக் கால் பங்காகக் குறைத்துவிடுங்கள், அல்லது லீவு விட்டுவிடுங்கள். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகவேண்டாம். அனுமதி இல்லாமல் போட்டால் நல்ல காரியமானாலும் குற்றம்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி ஊழியர் இந்த மாதிரி ஒரு புரோகிராமைக் கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் போட்டுவிட்டு வழக்கில் மாட்டிக் கொண்டார். 2002-ல் ஒரு வருஷக் கண்காணிப்பும் 2,100 டாலர் கட்டவும் ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். உங்கள் வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப்பும் ஆபீஸ் சொத்துதான், ஞாபகமிருக்கட்டும்.

'நம்ம ஃபோட்டோ, பாங்கி விவரம் எல்லாம் அவன் பாத்துடுவானோ?' என்று மாடி வீட்டு மாமி கேட்டார். இந்தத் திட்டங்களுக்கு நம் ஃபைல்களில் எந்த வேலையும் இல்லை. கணக்கை வாங்கிக் கொள்ளும், விடையை அனுப்பும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு புரோகிராமை வீட்டுக்குள் விடுவது வேலைக்காரி வைப்பது மாதிரி. தெரிந்த இடத்திலிருந்து வரவேண்டும், அப்டேட் வந்தால் தள்ளிப் போடாமல் செய்துவிட வேண்டும்.

ஆரம்பித்த முதல் வாரம் தினம் ஒரு பார்வை பாருங்கள். பின்பக்கம் கை வைத்தால் பொறுக்க முடியாத சூடா? வேறு வேலை செய்யும்போது மெதுவாகிறதா? ஆமென்றால் சி.பி.யு.வில் ஒன்றைக் குறையுங்கள். வாரக் கடைசியில் மீட்டரில் யூனிட்டைக் குறித்துப் பழைய வாரத்தோடு ஒத்துப் பாருங்கள். கரண்ட் கணக்கு வீட்டுக்காரருக்குக் காட்டவும் உதவும்!

ஊருக்குப் போவதானாலும், கம்ப்யூட்டரை விற்பதானாலும் படக்கென்று பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். ஃபோல்டிங்கில் 'ஃபினிஷ்' என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால், கையிலிருக்கும் வேலையை முடித்து, விடையை அனுப்பிவிட்டு, புதிதாக எதையும் வாங்காமல் நின்றுவிடும். போயிங்கிலும் 'புது வேலை வேண்டாம்' என்று சொல்ல இடமிருக்கிறது. பெட்டி படுக்கை கட்டும் முந்தைய நாளே சொல்லிவிட்டால், புறப்படும்போது கையில் இட்டு முடிக்காத உருண்டை எதுவும் மிச்சமிருக்காது.